எல்லாருக்குமான மதமும் எங்கள் கருப்பசாமியும்

இராமகிருஷ்ண மிஷன் ஒரு காலத்தில் நீதிமன்றத்தில் நின்று "நாங்கள் இந்துக்கள் அல்லர்" என்று வாதாடியது இன்று அதிகம் பேருக்கு நினைவில் இல்லை. மேற்கு வங்காளத்தில் மிஷன் நடத்திய ஒரு கல்லூரியின் நிர்வாகம் யார் கையில் என்பது பற்றி 1980-ல் தொடங்கிய வழக்கு அது. ஸ்ரீ ராமகிருஷ்ணரின் நெறி எல்லா மதங்களையும் தழுவி நிற்கிற தனி மதம், ஆகவே சிறுபான்மையினருக்கு அரசியல் சட்டத்தின் 30-ஆம் பிரிவு தருகிற கல்வி உரிமை எங்களுக்கும் உண்டு என்பது மிஷனின் கட்சி. கல்கத்தா உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. 1995 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. ராமகிருஷ்ணரைப் பின்பற்றுகிறவர்கள் இந்து சமயத்துக்குள்ளே ஒரு பிரிவினர், வேறு மதத்தினர் ஆகமாட்டார்கள் என்று தீர்ப்பானது.

அரசின் தலையீட்டிலிருந்து ஒரு கல்லூரியைக் காப்பாற்ற எடுத்த சட்ட வழி அது, அதில் குற்றம் காண எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த வழக்கைப் பற்றிப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. எல்லாரையும் உள்ளே வைத்துக்கொள்கிற மதம் என்று ஒன்று இருந்தால், அதற்கு வாசல் எங்கே இருக்கும்? அந்த வாசலில் யார் நிற்பார்கள்? கடந்த 200 ஆண்டுகளில் இந்து சிந்தனையாளர்கள் பேசிய 'உலகப் பொது மதம்' என்ற கனவை இந்தக் கேள்வியோடு மறுபடி படித்துப் பார்த்தேன். நான் மிகவும் நேசிக்கிற கனவு அது. அதனால்தான் அதைச் சும்மா புகழ்ந்துவிட்டுப் போக மனம் வரவில்லை.

ராம்மோகன் ராயிடமிருந்து தொடங்கலாம். பொது மதம் பற்றிய அவருடைய முதல் நூல் சமஸ்கிருதத்திலோ ஆங்கிலத்திலோ வரவில்லை. 1803-04 வாக்கில் பாரசீக மொழியில், அரபு முன்னுரையோடு எழுதினார். இஸ்லாமியக் கல்வி அவருக்குக் கொடுத்த தர்க்கத்தால்தான் முதலில் மதங்களை உரசிப் பார்த்தார். மிஷனரிகளோடு அவர் மோதியது அப்புறம் நடந்தது. 1828-ல் பிரம்ம சபையை நிறுவினார். 1830 ஜனவரியில் அதன் கட்டடத்துக்கு எழுதிய அறக்கட்டளைப் பத்திரம் நவீன இந்தியாவின் அழகான ஆவணங்களில் ஒன்று. எந்த வேறுபாடும் பார்க்காமல் யாரும் வரலாம். சிலை, படம் கூடாது, உயிர்ப்பலி கூடாது. வேறு யாராவது வணங்கும் எதையும் அங்கே இழித்துப் பேசக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையைப் படிக்கும்போது இன்றைய தொலைக்காட்சி விவாதங்கள் நினைவுக்கு வராமல் இருக்காது.

ஆனால் அதே சபையில் வேதம் ஓதியது பக்கத்து அறையில். பிராமணரல்லாதார் அந்த அறைக்குள் போக முடியாது. எல்லாருக்குமான இறைவனை எல்லாரும் கூடித் தொழுகிற கூடத்தின் ஓரத்தில், சிலர் மட்டும் நுழையக்கூடிய ஒரு கதவு. பின்னால் தலைமை ஏற்ற தேவேந்திரநாத் தாகூர் காலத்தில்தான் அந்த ஏற்பாடு மாறியது. ராம்மோகனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் காலத்தில், கல்கத்தாவில், அந்தக் கூடத்தைத் திறந்ததே பெரிய துணிச்சல். ஆனாலும் அந்தக் கதவை நான் குறித்து வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த வரலாறு முழுக்க அது வேறு வேறு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கிறது.

தட்சிணேசுவரத்திலும் வந்தது. அந்தக் காளி கோயிலை 1855-ல் கட்டியவர் ராணி ராஸ்மணி. அவர் சூத்திர சாதியினர் என்பதால் அங்கே பூசை செய்யப் பிராமணர்கள் தயங்கினார்கள். முதலில் வந்த பூசகர் ராமகிருஷ்ணரின் அண்ணன். தம்பியோ கோயில் பிரசாதத்தைச் சாப்பிடாமல் ஆரம்பத்தில் தனியாகச் சமைத்துக்கொண்டார். பிற்காலத்தில் எல்லா மதமும் ஒரே இடத்துக்குத்தான் போகிறது என்று சொன்ன மனிதர் தொடங்கிய இடம் இது. அவர் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறார் என்று இதிலிருந்துதான் எனக்குப் புரிகிறது.

1866-ல் ஒரு சூஃபி வழியினரிடம் உபதேசம் பெற்று, மூன்று நாள் அல்லாவின் நாமத்தையே சொல்லி, காளி கோயிலுக்குள் போகாமல், இந்துக் கடவுளரை நினைக்கவும் மனமின்றி இருந்தார் என்கிறார்கள். பின்னால், 1874 வாக்கில், மேரியும் குழந்தையும் உள்ள ஒரு படத்தைப் பார்த்து அந்த வழியில் மூழ்கினார். ஒரே குளத்தில் பல படித்துறைகள், ஒருவர் ஜல் என்று அள்ளுகிறார், ஒருவர் பானி என்று அள்ளுகிறார் என்ற அவருடைய உவமை எல்லாருக்கும் தெரியும். ராம்மோகனிடம் இல்லாத ஒன்று இவரிடம் இருந்தது. ராம்மோகன் எல்லா உருவங்களையும் கழித்துவிட்டுப் பொதுவானதைத் தேடினார். ராமகிருஷ்ணர் ஒவ்வொரு உருவத்துக்குள்ளும் முழுசாக இறங்கிப் பார்த்தார். தோதாபுரி என்ற துறவியிடம், எல்லாம் ஒன்றே என்கிற அத்வைதம் கற்று, காளியின் உருவத்தையே மனத்தில் வெட்டிக் கடந்தவர், திரும்பக் காளியிடமே வந்தார்.

இருந்தாலும் ஒரு சந்தேகத்தைச் சொல்லத்தான் வேண்டும். மூன்று நாள் அனுபவம் அனுபவம்தான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இஸ்லாம் என்பது ஐந்து வேளைத் தொழுகை, நோன்பு, ஜக்காத், திருமணம், வாரிசுரிமை, மரணச் சடங்கு என்று ஒரு ஆயுள் முழுக்க ஒரு சமூகத்தோடு வாழ்கிற வாழ்க்கை. அந்த வாழ்க்கையை வாழ்கிறவர், "நீங்கள் அடைந்த இடமும் நான் போகிற இடமும் ஒன்றுதான்" என்பதை ஒப்புக்கொள்வாரா என்று அவரிடம் கேட்டால் ஒழியத் தெரியாது. நம் பொது மதச் சிந்தனையில் பெரும்பாலும் அந்தக் கேள்வியை அடுத்தவரிடம் கேட்காமலே பதில் எழுதிவிடுகிறோம்.

விவேகானந்தரிடம் இதன் இரண்டு குரல்களும் கேட்கின்றன. 1893 செப்டம்பரில் சிகாகோவில் பேசிய கடைசிப் பேச்சில், கிறிஸ்தவர் இந்துவாகவோ பௌத்தராகவோ ஆக வேண்டியதில்லை, ஒவ்வொருவரும் மற்றவர்களின் சாரத்தை உள்வாங்கிக்கொண்டு தன் தனித்தன்மையோடு வளர வேண்டும் என்றார். 1900 ஜனவரியில் கலிபோர்னியாவின் பாசடீனாவில் இன்னும் தூரம் போனார். எல்லாருக்கும் ஒரே தத்துவம், ஒரே புராணம், ஒரே சடங்கு என்பது வரவே வராது, வரவும் வேண்டாம் என்றார். 'சகித்துக்கொள்வது' போதாது, நீ தப்பு என்று நினைத்துக்கொண்டே உன்னை வாழ விடுகிறேன் என்பதுதான் அதன் பொருள் என்றார். கடவுளின் புத்தகம் எழுதி முடிந்துவிட்டதா என்று கேட்டார். இந்த விவேகானந்தரை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிக்காது.

அதே மனிதர் 1897-ல் நாடு திரும்பி நம் ஊர்களில் பேசியபோது, உலகப் பொது மதமாக ஆகக்கூடியது வேதாந்தம் மட்டுமே, ஏனென்றால் மற்ற மதங்கள் ஒரு நிறுவனரின் வாழ்க்கை வரலாற்றைச் சார்ந்து நிற்கின்றன, வேதாந்தம் கொள்கைகளைச் சார்ந்து நிற்கிறது என்றும் சொன்னார். இது வேறு குரல். எல்லாப் படித்துறையும் சமம் என்று சொல்லிவிட்டு, குளம் எங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது போல. அவர் பேசிய சூழலையும் பார்க்க வேண்டும். ஒரு அடிமை நாட்டு மக்களுக்கு, உங்களிடம் உலகுக்குக் கொடுக்க ஒன்று இருக்கிறது என்று சொல்லித் தலை நிமிர வைக்க வேண்டிய தேவை இருந்தது.

தமிழில் இதை வெகு முன்பே பார்த்துவிட்டோம். 13-ஆம் நூற்றாண்டின் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், "யாதொரு தெய்வம் கொண்டீர் அத்தெய்வமாகி ஆங்கே மாதொரு பாகனார் தாம் வருவர்" என்கிறார். நீங்கள் எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டாலும் சரி, அந்த உருவில் வருவது சிவன்தான். மற்றத் தெய்வங்கள் வேதனைப்படும், இறக்கும், பிறக்கும் என்று அதே பாட்டு தொடர்கிறது. கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் கண்ணன் சொல்வதும் இதே அமைப்பு: வேறு தேவதைகளை வழிபடுகிறவர்களும் என்னையே வழிபடுகிறார்கள், விதிமுறை தெரியாமல். பெருந்தன்மையான பேச்சு, சந்தேகமில்லை. ஆனால் இரண்டிலும் யார் வீட்டுக்கு யார் விருந்தாளி என்பது முதலிலேயே முடிவாகிவிடுகிறது. தாயுமானவர் வேறு மாதிரி. சமயங்களெல்லாம் பரம்பொருளின் விளையாட்டு, கடைசியில் மௌனக் கடலில் ஆறுகள் போல் கலக்கின்றன என்கிறவர், அந்தக் கடலுக்கு எந்தச் சமயத்தின் பெயரையும் வைக்கவில்லை. அவர் நடையில் குணங்குடி மஸ்தான் சாகிபு பாடினார். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை, கிறிஸ்தவர், 1878-ல் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் எழுதினார், அவற்றில் சில கச்சேரி மேடை வரைக்கும் வந்தன. நவீன பொது மதம் பற்றி எழுதும்போது வங்காளத்தோடு நின்றுவிடுகிற வழக்கம் எனக்கு வருத்தம் தருகிறது.

இனி, வழிபடுகிறவர்களை மேல் கீழாக அடுக்குகிற ஏணிக்கு வருகிறேன். நான் இந்தக் கட்டுரையை எழுத முக்கியமான காரணமே அதுதான்.

சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். அங்கே மிஷனரி ஆசிரியர்கள் இந்து மதத்தை விமர்சித்தது தன்னைச் சீண்டியது, அதனால்தான் இந்தத் துறைக்குள் ஆழமாக இறங்கினேன் என்று அவரே எழுதியிருக்கிறார். 1926-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய சொற்பொழிவுகள் அடுத்த ஆண்டு நூலாக வந்தன. மேற்கில் படித்த இந்துக்கள் தங்கள் மதத்தை விளக்கிக்கொள்ளும் விதத்தையே அந்தச் சிறிய நூல் மாற்றியது. இந்து மதம் யாரையும் தள்ளுவதில்லை என்று காட்டும் அதே இடத்தில் அவர் ஒரு வரிசை தருகிறார். பரம்பொருளை வழிபடுகிறவர்கள் எல்லாருக்கும் மேலே. அடுத்து, குணங்களுள்ள இறைவனை வழிபடுகிறவர்கள். அடுத்து, ராமன், கிருஷ்ணன், புத்தர் போன்ற அவதாரங்களை வழிபடுகிறவர்கள். அதற்குக் கீழே முன்னோர்களையும் தேவதைகளையும் முனிவர்களையும் வழிபடுகிறவர்கள். எல்லாருக்கும் அடியில், சில்லறைச் சக்திகளையும் ஆவிகளையும் வழிபடுகிறவர்கள்.

எங்கள் குலசாமி கருப்பசாமி. மாசிக் களரிக்குப் பங்காளிகள் எல்லாரும் கூடுவோம். பூசாரி வேளார். சாமியாடி அரிவாள் மேல் ஏறி நிற்பார், கிடா வெட்டு நடக்கும், விடிய விடியச் சமையல், கறியைப் பங்கு போடுவோம். பக்கத்திலேயே ஒரு பெண் தெய்வத்துக்குச் சின்னப் பீடம். எங்கள் வழியில் அநியாயமாகச் செத்துப்போன ஒரு பெண் அவள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவளுக்குச் சேலை வைத்து, "ஆத்தா, மன்னிச்சுக்க" என்று என் அப்பத்தா அழுததைப் பார்த்திருக்கிறேன். ஒரு குடும்பம் தான் செய்த அநியாயத்தைத் தலைமுறை தலைமுறையாக மறக்காமல் நினைத்து அழுவதற்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறது. இதைவிட ஆழமான சமய உணர்வு எது என்று எனக்குத் தெரியவில்லை. இராதாகிருஷ்ணன் வரிசையில் என் அப்பத்தா நான்காம் படியிலா ஐந்தாம் படியிலா என்று நிச்சயிக்க முடியாது. மேலே இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

கீழே இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்கிறோமே, துரத்தவில்லையே என்று பதில் வரும். அதுதான் பிரச்சினை. சேர்த்துக்கொண்டு, நீ இன்னும் வளர வேண்டியவன் என்று சொல்கிற பொது மதம், அடுத்த கட்டமாகத் திருத்த வருகிறது. தமிழ்நாட்டில் 1950-லேயே உயிர்ப்பலித் தடைச் சட்டம் போட்டார்கள். 2003-ல் அதைக் கறாராக அமல்படுத்தக் கிளம்பியபோது கிராமம் கிராமமாக எழுந்த கோபத்தில், 2004-ல் சட்டத்தையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. கசாப்புக் கடையில் வெட்டலாம், கருப்பன் முன்னால் வெட்டக் கூடாது என்பதை எங்கள் ஆட்களால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

எங்கள் கோயிலைப் புனிதப்படுத்தவும் நான் தயாரில்லை. அங்கேயும் முதல் மரியாதை யாருக்கு, யார் எந்த எல்லைக்கு அப்பால் நிற்க வேண்டும் என்று கணக்கு உண்டு. கருப்பன் கோயிலாக இருந்தாலும் வாசலில் சாதி நிற்கத்தான் செய்கிறது.

கிடா வெட்டை எதிர்த்தவர்களில் ஒருவரிடம் மட்டும் எனக்கு வாக்குவாதம் செய்யத் தோன்றாமல் தலை குனியத் தோன்றும். வள்ளலார். ஆடும் பன்றியும் கடாவும் சிறு தெய்வங்களுக்குப் பலியாகப் போவதைக் கண்டு உள்ளம் நடுங்கினேன் என்று பாடியிருக்கிறார். அவர் நடுக்கம் அந்த ஆட்டுக்காக. தத்துவப் படிவரிசை ஒன்றும் அதற்குள் இல்லை. வாடிய பயிருக்கு வாடியவர் ஆட்டுக்கு நடுங்காமல் இருக்க முடியாது. "சாதியும் மதமும் சமயமும் பொய்" என்று அவர் அகவலில் எழுதினார், 1865-ல் தொடங்கிய சங்கத்துக்கு முதலில் வைத்த பெயரில் இருந்த 'வேத' என்ற சொல்லைப் பின்னால் எடுத்துவிட்டார். 1873-ன் பேருபதேசத்தில் வேதம், ஆகமம், சைவம், வைணவம் எதிலும் லட்சியம் வைக்காதீர்கள் என்றார். தன் சொந்த வீட்டையும் சேர்த்தே காலி செய்துவிட்டு வெளியே வந்த பொது நெறி அது. வங்காளத்தில் இருந்த பெரியவர்களில் யாரும் அந்த அளவுக்குப் போனதாக நான் காணவில்லை.

அவர் கட்டிய வாசலும் இரண்டு விதம். வடலூர் சத்திய ஞான சபைக்குள் கொலை, புலை தவிர்த்தவர்கள் மட்டுமே போகலாம். அப்படிப் பார்த்தால் எங்கள் பங்காளிகள் எல்லாரும் வெளியேதான். ஆனால் சபை வருவதற்கு முன்பே, 1867 மே 23-ல் தருமசாலையைத் திறந்துவிட்டார். அங்கே பசி மட்டும் போதும். கறி சாப்பிடுகிறவன் என்று அவர் புற இனமாக வைத்தவனுக்கும் பசி தீர்க்க வேண்டும் என்பது அவர் விதி. அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை என்று வடலூரில் சொல்வார்கள். சபையில் உடன்படாதவனும் தருமசாலையில் உட்காரலாம். பொது மதம் பேசிய வேறு யாரும் இப்படி இரண்டு வாசல் வைத்து யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை.

காந்தியிடம் எனக்குப் பிடித்தது, எல்லா மதங்களும் சமம் என்பதற்கு அவர் சொன்ன காரணம். 1930-ல் எரவாடா சிறையிலிருந்து ஆசிரமத்துக்கு எழுதிய கடிதங்களில், மனிதர் கைபட்டதால் எல்லா மதங்களிலும் குறை இருக்கிறது, என் மதத்திலும் இருக்கிறது, அதனால் உயர்வு தாழ்வு சொல்ல இடமில்லை என்கிறார். உச்சியில் ஒற்றுமை தேடாமல் குறையில் சமம் தேடுகிற வழி. அதே காந்தி, எல்லாம் சமம் என்றால் மதம் மாறத் தேவை என்ன என்ற இடத்துக்கும் வந்து சேர்ந்தார். 1935-ல் யேவலாவில் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்த அம்பேத்கருக்கு அது பதிலாகவே இல்லை. ஒரு மதத்தை அதன் சிறந்த மனிதர்களை வைத்து எடைபோட வேண்டும் என்றார் காந்தி. சிறந்தவர்கள் ஏன் இவ்வளவு குறைவு, மோசமானவர்கள் ஏன் இவ்வளவு அதிகம் என்று திருப்பிக் கேட்டார் அம்பேத்கர். எல்லா மதமும் ஒன்று என்பது சமாதானம் செய்யவும் உதவும், வெளியே போக நினைக்கிறவனை வாசலில் மறிக்கவும் உதவும். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் லட்சக்கணக்கானவர்கள் அந்த மறிப்பைத் தாண்டிப் போனார்கள்.

கேரளத்தின் நாராயண குரு இதை 1925 மார்ச்சிலேயே காந்தியிடம் நேருக்கு நேர் பேசியிருக்கிறார். சிவகிரியில் ஒரு மாமரத்தைக் காட்டி, இலைகள் எல்லாம் ஒன்றுபோலவா இருக்கின்றன, மனிதரிலும் வேறுபாடு இருக்கும் என்றாராம் காந்தி. இலைகளைக் கசக்கிப் பிழிந்தால் சாறு ஒரே சுவைதான் என்றார் குரு. அவரும் அத்வைதிதான். ஆனால் அவருடைய அத்வைதம் 1888-ல் அருவிப்புறத்தில் ஒடுக்கப்பட்ட ஈழவர் சாதியில் பிறந்த அவர் தன் கையால் சிவலிங்கம் நாட்டியதில் தொடங்கியது. சாதி வேற்றுமையும் மதப் பகையும் இன்றி எல்லாரும் சகோதரராய் வாழும் மாதிரி இடம் இது என்று அங்கே எழுதி வைத்தார்.

அத்வைதம் நடைமுறையில் சமத்துவமாக இறங்க வேண்டும் என்பது விவேகானந்தருக்கும் தெரிந்தே இருந்தது. 1898 ஜூன் 10 அன்று நைனிடாலைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அத்வைதம்தான் சிந்தனையின் கடைசி எல்லை என்று சொன்ன கையோடு, எல்லாரையும் தன்னைப்போல் நடத்துகிற நடைமுறை அத்வைதம் இந்துக்களிடம் வளரவே இல்லை, அந்தச் சமத்துவத்தை ஓரளவாவது நெருங்கிய மதம் இஸ்லாம் ஒன்றுதான் என்று எழுதினார். வேதாந்த மூளையும் இஸ்லாமிய உடலுமாக எதிர்கால இந்தியாவைக் கண்டார். மூளை இங்கே, உடல் அங்கே என்ற பங்கீட்டில் எனக்கு இன்னும் சங்கடம் உண்டு. ஆனாலும் தன் வீட்டில் இல்லாததைப் பெயர் சொல்லி ஒப்புக்கொண்ட அந்த நேர்மை, அவருடைய எல்லா மேடைப் பேச்சுகளையும் விட எனக்கு முக்கியம்.

அடுத்தவர் மதத்தை உட்கார்ந்து கற்றுக்கொண்ட ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரம்ம சமாஜத் தலைவர்களில் ஒருவரான கேசவ சந்திர சென் தன் சீடர்களுக்கு ஆளுக்கொரு மதத்தைப் பிரித்துக் கொடுத்தார். இஸ்லாம் கிரீஷ் சந்திர சென்னுக்கு வந்தது. நாற்பது வயது தாண்டிய நிலையில், 1876-ல் லக்னோ போய் அரபு படித்தார். 1881 முதல் 1886 வரை பகுதி பகுதியாகக் குர்ஆனை வங்காளத்தில் வெளியிட்டார். முதல் முழு வங்காள மொழிபெயர்ப்பு என்று பொதுவாக மதிக்கப்படுவது அதுதான். எல்லா மதங்களையும் இணைக்கக் கேசவர் தொடங்கிய 'நவ விதான்' என்ற சமய இயக்கம் பற்றி இன்று யாரும் பேசுவதில்லை. கிரீஷின் அந்த உழைப்பு நின்றது.

1924-ல் ஆலுவாவில் நாராயண குரு கூட்டிய சர்வமத மாநாட்டின் வாசலில், வாதிட்டு வெல்ல அல்ல, அறியவும் அறிவிக்கவுமே என்று எழுதியிருந்தார்கள். முடிவில், எல்லா மதங்களையும் கற்க சிவகிரியில் ஒரு பள்ளி வேண்டும் என்று குரு அறிவித்தார். இன்றைக்கு நடக்கிற சர்வ சமய மாநாடுகளின் மேடைகளைப் பார்க்கிறேன். ஒரு சுவாமிஜி, ஒரு பாதிரியார், ஒரு இமாம், ஒரு பிக்கு இருக்கிறார்கள். எங்கள் சாமியாடியை யாரும் கூப்பிட்டதில்லை. அவரைக் கூப்பிட வேண்டும். கிடா ஏன் வெட்டுகிறோம் என்று அவர் சொல்லட்டும், வள்ளலார் வழியில் நிற்கிற ஒருவர் எதிரே உட்கார்ந்து, அது ஏன் கூடாது என்று அவரிடமே சொல்லட்டும். யார் எந்த எல்லையில் நிற்கிறார்கள் என்று எங்கள் கோயிலைப் பற்றியும் யாராவது அங்கே கேட்கட்டும். பதில் சொல்ல நானும் வருகிறேன்.